பேர் எழுதாத தாளில்தான் பிள்ளைகள் பேசுவார்கள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பக்கத்துப் பள்ளிகளுக்கு உடல்நலக் கணக்கெடுப்புக்குப் போகும்போது தலைமையாசிரியரிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: பிள்ளைகள் கேள்வித்தாளை நிரப்பி முடிக்கும்வரை வகுப்பாசிரியர் வெளியே இருக்கட்டும். சிலருக்கு மனவருத்தம்தான். ஆனால் மிஸ் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தால் எந்தப் பையனும் புகையிலை போட்டதாகக் குறிக்க மாட்டான்.

உலக சுகாதார நிறுவனம் 2003 முதல் பல நாடுகளில் நடத்திவரும் பள்ளி மாணவர் ஆய்விலும் பேர் கேட்பதில்லை. பிள்ளைகளே படித்துக் குறிக்கிறார்கள். 2019-ல் இந்தியாவில் நடந்த இளையோர் புகையிலை ஆய்வில், 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்துவது தெரிய வந்தது. அறுபது பேர் உட்காரும் வகுப்பென்றால் ஐந்து பேர். எழுப்பி நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், ஒருவர்கூட இருக்க மாட்டார்.

அப்புறம், கேள்வி நம் தெருவுக்குப் பொருந்த வேண்டும். 'கடந்த 7 நாளில், 60 நிமிடமாவது உடலை அசைத்துச் சுறுசுறுப்பாக இருந்த நாட்கள் எத்தனை?' என்பது உலகம் முழுக்கக் கேட்கப்படும் கேள்வி. முன்னோட்டமாகச் சில பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியபோது, ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடிக்குத் தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஏற்றும் பெண் 'ஒரு நாளும் இல்லை' என்று குறித்திருந்தாள். ஏன் என்றதற்கு, "நான் எந்த கேம்ஸ்லயும் இல்ல மேடம்" என்றாள். தண்ணீர் தூக்குவதும் மீன் கூடை சுமப்பதும் சேரும் என்று கேள்வியிலேயே எழுதிய பிறகுதான் பதில்கள் மாறின.

காலையில் சாப்பிடாததையும் இப்படித்தான் பிரித்துக் கேட்க வேண்டும். நேரமில்லாமல் விட்டதும் வீட்டில் ஒன்றுமில்லாமல் பட்டினி கிடந்ததும் ஒன்றல்ல. கழிப்பறைக்குப் போக வேண்டிவருமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண்பிள்ளைகளும் உண்டு. அதைத் தனியாகக் கேட்டால்தான் வெளியே வரும்.

பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுக்கு வந்ததும் "என்ன எழுதின?" என்று குடையாதீர்கள்.

பேர் இல்லாத தாளில் ஒரு பிள்ளை சாகத் தோன்றுகிறது என்று குறித்தால், அது யார் என்று நமக்குத் தெரியாது. அதனால் தாளோடு ஒரு துண்டுச்சீட்டும் கொடுக்கிறோம். குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416. சீட்டு எல்லோருக்கும் போக வேண்டும். வேண்டுபவர் வந்து வாங்கலாம் என்று விட்டால், எழுந்து வருகிற பிள்ளையை வகுப்பே திரும்பிப் பார்க்கும்.