கேமராவுக்கு எட்டாத கம்பி

போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. போர்வெல் மோட்டாரை மேலே இழுத்தால், கேபிள் குழாயில் உரசி உரசி ஓரிடத்தில் மட்டும் தோல் உரிந்து செம்பு தெரியும். மற்றபடி முழு நீளமும் புதிது போலவே இருக்கும்.

லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சையிலும் இதே சிக்கல் உண்டு. பித்தப்பையை எடுக்க வயிற்றில் கரியமில வாயுவை நிரப்பி, 5 அல்லது 10 மில்லிமீட்டர் துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்துகிறார்கள். அவற்றில் ஒன்று மின்கொக்கி: நுனி மட்டும் வெறும் உலோகம், மீதிக் கம்பிக்கு மின்காப்பு உறை. வீட்டு மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். இதில் பாய்வது பல லட்சம் ஹெர்ட்ஸ். அந்த வேகத்துக்கு நரம்பும் தசையும் துடிப்பதில்லை, அதனால் ஷாக் அடிக்காது. நுனியில் குவியும் மின்சாரம் திசுவைச் சுட்டு வெட்டுகிறது. பிறகு உடலெங்கும் பரவி, தொடையில் ஒட்டிய அகலமான பட்டை வழியே சூடு தெரியாமல் வெளியேறுகிறது.

கருவி நுழைவதற்காகத் துளையில் பொருத்திய துளைக்குழாயில் எத்தனையோ முறை உரசி, கிருமிநீக்கச் சூட்டில் திரும்பத் திரும்ப வெந்து, உறை தேய்கிறது. விரிசல் விழுந்த இடம் குடலைத் தொட்டால் குடல் சுடும். பெரிய கிழிசலைவிட ஊசித்துளையே கொடியது. கண்ணுக்கும் தப்பும், மின்சாரத்தையும் ஒரே புள்ளியில் குவிக்கும். திரையில் மருத்துவர் பார்ப்பதோ கொக்கியின் நுனியை.

உறை பழுதில்லாவிட்டாலும் முழு நிம்மதி இல்லை. கம்பி, உறை, உலோகத் துளைக்குழாய் மூன்றும் சேர்ந்தால் அதுவே ஒரு மின்தேக்கி: கம்பி தொடாமலே குழாயில் மின்சாரம் ஏறும். முழுக்க உலோகக் குழாய் என்றால், அதில் ஏறும் மின்சாரம் வயிற்றுச் சுவரில் பரவி அடங்கிவிடும். அதே குழாயைப் பிளாஸ்டிக் பிடியில் மாட்டினால் அந்த வழி அடைபட்டு, குழாயைத் தொடும் குடலில் அது பாயலாம். பாதுகாப்புக்கென்று சேர்த்த பிளாஸ்டிக்கே ஆபத்தாகிறது. கொக்கி எதையும் தொடாதபோது, மின்சாரத்தைப் பாய்ச்சும் கால்மிதியை அழுத்தினால் மின்னழுத்தம் இன்னும் ஏறும். தொட்ட பிறகே மிதிப்பது, மின்சாரத்தைக் குறைந்த அளவில் வைப்பது, ஒவ்வொரு முறையும் உறையைச் சோதிப்பது ஆகியவற்றை நான் சில்லறை விஷயமாக நினைக்கவில்லை.

சுட்ட இடம் அன்றைக்கு வெறும் வெளுத்த புள்ளி. சில நாட்கள் கழித்துத்தான் திசு செத்து ஓட்டை விழுகிறது. அதற்குள் நோயாளி ஊத்தங்கரை பஸ் ஏறி வீடு சேர்ந்திருப்பார். வலி குறையாமல் கூடினால், வயிறு உப்பினால், காய்ச்சல் வந்தால், மருந்துக்கடை மாத்திரையோடு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு அப்போதே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.