ஆயிரத்துக்கும் கோடிக்கும் ஒரே கட்டணம்: பிட்காயின் கணக்கு

2023 செப்டம்பர் 10 அன்று ஒருவர் 0.074 பிட்காயின் அனுப்பினார். அன்றைய விலைக்குச் சுமார் 2,000 டாலர். அதற்குப் போன கட்டணமோ ஏறத்தாழ 20 பிட்காயின், அதாவது ஐந்து லட்சம் டாலர்! அனுப்பியது பாக்சோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் என்று பிறகு தெரிந்தது; மென்பொருள் பிழை என்றார்கள். அந்தப் பரிவர்த்தனை ஏறிய பிளாக்கை, அதாவது பிட்காயின் பேரேட்டின் ஒரு பக்கத்தை, உருவாக்கிய எஃப்2பூல் குழு கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று பிட்காயினில் எந்த விதியும் இல்லை.

இவ்வளவு பெரிய தவறு எப்படிச் சாத்தியம்? பிட்காயின் பரிவர்த்தனைக்குள் கட்டணம் என்று எழுத இடமே கிடையாது. உள்ளே வரும் தொகையிலிருந்து வெளியே போகும் தொகையைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறதோ அது மைனருக்கு, அதாவது பிளாக்கை உருவாக்குபவருக்கு. வாலட் என்ற பணப்பைச் செயலியின் திரையில் தெரியும் கட்டணம் இந்தக் கழித்தலின் விடைதான். கணக்கு பிசகினால் தடுக்க ஆள் இல்லை.

சரி, நியாயமான கட்டணத்தை எது தீர்மானிக்கிறது? வங்கிப் பழக்கத்தில் வருபவர்கள் தொகையைப் பொறுத்து என்று நினைப்பார்கள். தொகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பரிவர்த்தனை பிளாக்கில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்குத்தான் காசு. அந்த இடத்தை விபைட் என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு பிளாக்கில் மொத்தம் 10 லட்சம் விபைட். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக். எளிய பரிவர்த்தனைகள் மட்டும் என்றால் 7,000 சொச்சம் ஏறும். மீதி எல்லாம் மெம்பூல் என்ற காத்திருப்புப் பட்டியலில் கிடக்கும். மைனர் அங்கிருந்து விபைட்டுக்கு அதிகம் தருபவற்றை முதலில் பொறுக்குவார். கட்டணத்தை எண்ணும் அலகு சடோஷி. ஒரு பிட்காயினில் 10 கோடி சடோஷி.

பலர் கோட்டைவிடும் இடம் அடுத்தது. வாலட்டில் ஒரே தொகையாகத் தெரியும் இருப்பு உண்மையில் ஒரே தொகை இல்லை. உங்களுக்கு ஒவ்வொரு முறை வந்த பணமும் தனித்தனித் துண்டாகவே இருக்கிறது. உண்டியலை உடைத்துச் சில்லறையாகக் கொடுப்பதும் ஒரே நோட்டை நீட்டுவதும் கடைக்காரருக்கு ஒன்றா? அவர் எண்ணியாக வேண்டும். பிட்காயினிலும் ஒவ்வொரு துண்டையும் செலவழிக்கத் தனியாகக் கையெழுத்து வேண்டும், அதற்கு இடம் வேண்டும்.

எண்களாகப் பார்த்துவிடலாம். 'பிசி1கியூ' (bc1q) என்று தொடங்கும் முகவரியில் உள்ள ஒரு துண்டைச் செலவழிக்க 68 விபைட். பெறுபவர் ஒருவருக்கு 31. பரிவர்த்தனையின் பொதுச் செலவு 10 அல்லது 11. ஒரு துண்டை எடுத்து, ஒருவருக்கு அனுப்பி, மீதியை உங்களுக்கே திருப்பிக்கொண்டால் மொத்தம் 141. அதே தொகையை இருபது பொடித் துண்டுகளைச் சேர்த்து அனுப்பினால் 1,400 தாண்டும். விபைட்டுக்கு 10 சடோஷி என்றால் முதலாவதற்கு 1,410, இரண்டாவதற்கு 14,000. பத்து மடங்கு! இந்த விகிதம் விபைட்டுக்கு 100 சடோஷி ஆகிற நாளில் 5,000 சடோஷித் துண்டைத் தொடவே முடியாது. எடுக்கும் கூலி மட்டும் 6,800.

முகவரி வகையிலும் பணம் மிச்சமாகும். 1 என்ற எண்ணில் தொடங்கும் பழைய வகையில் ஒரு துண்டுக்கு 148 விபைட் ஆகிறது. 2017 ஆகஸ்டில் வந்த செக்விட் மாற்றம் கையெழுத்துத் தரவைக் கால் பங்காக மட்டுமே எண்ணச் சொன்னது. 68 என்ற எண் அதனால் வந்ததுதான். இன்னமும் பழைய முகவரியில் பணம் வாங்கிக்கொண்டு கட்டணத்தைத் திட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

நெரிசல் நம் கையில் இல்லை. 2024 ஏப்ரல் 20 அன்று ஒரு பிளாக்குக்கு மைனர் பெறும் புதுக் காசுப் பரிசு 6.25-லிருந்து 3.125 பிட்காயினாகப் பாதியானது. அதே பிளாக்கில் பிட்காயின் மேலேயே வேறு டோக்கன்களை உருவாக்க உதவும் ரூன்ஸ் என்ற புதிய முறையும் தொடங்க, இடம்பிடிக்கும் போட்டியில் அந்த ஒரு பிளாக்கின் கட்டணம் மட்டும் 37 பிட்காயினைத் தாண்டியது. அவசரமில்லாதவர்கள் அன்று சும்மா இருந்திருந்தாலே போதும். வார இறுதியில் விகிதம் பெரும்பாலும் இறங்கும். அப்போது பொடித் துண்டுகளை எல்லாம் சேர்த்து ஒரே துண்டாக உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: அவை எல்லாம் ஒரே ஆளுடையவை என்பதைப் பொதுப் பேரேட்டில் நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அந்தரங்கம் முக்கியம் என்றால் கொஞ்சம் யோசிக்கவும்.

பலருக்குப் பணம் அனுப்ப வேண்டுமென்றால் தனித்தனியாக அனுப்பாதீர்கள். ஒரே பரிவர்த்தனையில் கூடுதலாக ஒரு ஆளுக்கு 31 விபைட்தான். பிட்காயினை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுகள் பலவும் இப்படித்தான் செய்கின்றன, ஆனாலும் உங்களிடம் தங்கள் சொந்த ரேட்டை வாங்குவார்கள். இந்தியாவில் விற்கும்போது பிடிக்கும் 1% டிடிஎஸ் வேறு கதை. அது வரி, பிட்காயின் வலையமைப்புக்குப் போவதில்லை. சின்னச் சின்னத் தொகைகளுக்கு லைட்னிங் இருக்கிறது; ஒவ்வொன்றையும் பிளாக்கில் ஏற்றாமல், இருவருக்கு இடையிலான சேனல்கள் வழியாகப் பணம் அனுப்பும் முறை அது. ஆனால் அதில் சொந்தமாகச் சேனல் திறக்கவும் மூடவும் சாதாரணப் பரிவர்த்தனைக் கட்டணம் உண்டு என்பதைப் பலர் சொல்வதில்லை.

குறைவாகக் கட்டி மாட்டிக்கொண்டால்? அனுப்பியவர் நீங்கள் என்றால், பல வாலட்களில் கட்டணத்தை உயர்த்தும் பொத்தான் இருக்கும். அது அதே துண்டுகளை வைத்து, கூடுதல் கட்டணத்தோடு மாற்றுப் பரிவர்த்தனை ஒன்றை அனுப்பும். பழையது செல்லாமல் போகும். பணம் உங்களுக்கு வரவேண்டியது, அனுப்பியவர் கண்டுகொள்ளவில்லை என்றால் வேறு வழி. இன்னும் பிளாக்கில் ஏறி உறுதியாகாத அந்தப் பணத்தையே எடுத்து, பெரிய கட்டணத்தோடு உங்களுக்கே அனுப்புங்கள். முந்தையதை ஏற்றாமல் இதை மைனரால் ஏற்ற முடியாது. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவார். மாட்டியது 141 விபைட், விபைட்டுக்கு 2 சடோஷி வீதம் 282 கட்டியிருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் அனுப்பப்போவது 110. இரண்டுக்கும் சராசரி 20 வரவேண்டுமானால் மொத்தம் 5,020. உங்கள் பங்கு 4,738 சடோஷி. வரவேண்டிய தொகை அதைவிடப் பெரிதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.