டெம்பரேச்சர் முள் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள்

ஓமன் நாட்டின் மஸ்கட்டில் மெக்கானிக்காக இருக்கிறேன். ஜூன் கடைசியில் கரீஃப் என்கிற சாரல் காலம் தொடங்கினால் எங்கள் பட்டறைக்கு மோட்டார்ஹோம்கள், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வீட்டு வண்டிகள், வர ஆரம்பித்துவிடும். தெற்கே சலாலாவில் சாரல், குளிர்ச்சி எல்லாம் உண்டு, ஆனால் அங்கே போய்ச் சேர ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர், அதிலும் ஆதம் தாண்டி ஹைமா, தும்ரைத் வரை இரண்டு பக்கமும் வெட்டவெளிதான். வெயில் 45 டிகிரியைத் தாண்டும்.

போன வருடம் ஹைமாவுக்கு முன்னால் நின்றுபோன ஒரு வண்டியைப் பார்க்கப் போனேன். முள் ஏறியதை வண்டியை ஓட்டியவர் பார்த்திருக்கிறார். பின்னால் குழந்தைகள் இருந்ததால் ஏசியை அணைக்க மனம் வரவில்லை, அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று ஓட்டியிருக்கிறார். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போய், அலுமினிய ஹெட்டும் வளைந்துவிட்டது. காரணம் என்ன தெரியுமா? ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரின் தகடுகளுக்கு நடுவே மணலும் செத்த பூச்சிகளும் அடைந்து, விரலால் தடவினால் காய்ந்த மண் பத்தை மாதிரி உதிர்ந்தது. கிளம்பும் முன் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்திருந்தால் கால் மணி நேர வேலை.

முள் ஏறினால் முதலில் ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். அந்த வெயிலில் ஹீட்டரா என்று தோன்றும், ஆனால் அது இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்கும், அதற்குள் பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டிவிடலாம். ஆவி வந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர் மூடி திறந்ததும் கொதித்துப் பீச்சியடிக்கும், முகமும் கையும் வெந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். முழுதாக ஆறட்டும், ஒரு மணி நேரத்துக்கு மேலானாலும் பரவாயில்லை.

அப்புறம் டயர். மோட்டார்ஹோம் வருடத்தில் பாதி நாள் நின்றபடியே இருக்கும், அதனால் பட்டன், அதாவது தரையில் படும் வரிகள், தேயாமல் புதுசு போலவே தெரியும், ரப்பர் மட்டும் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வெடிப்பு விட்ட பழைய டயரோடு வருகிறவர்களைப் பாலைவனம் பக்கம் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். பல மோட்டார்ஹோம்களில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் ஒட்டும் திரவமும் சின்ன கம்ப்ரஸரும்தான் கொடுத்திருப்பார்கள். ஆணி குத்தினால் அது போதும், பக்கச்சுவர் கிழிந்தால் எதற்கும் உதவாது. ஒரு ஸ்டெப்னியும், ஜாக்கிக்கு அடியில் போட கனமான பலகையும் வாங்கி வையுங்கள், பலகை இல்லையென்றால் ஜாக்கி மணலில் இறங்கும், வண்டி ஏறாது.

வண்டி நின்றுவிட்டதா? சரி, நிற்கட்டும். தூரத்தில் ஏதோ கட்டடம் தெரிகிறது என்று நடக்க மட்டும் கிளம்பாதீர்கள். வெட்டவெளியில் ஓர் ஆளைவிட வண்டி சீக்கிரம் கண்ணில் படும், நிழலும் தண்ணீரும் அங்கேதான் இருக்கின்றன. ஏசி ஓடாத மோட்டார்ஹோமின் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும், எல்லாரும் இறங்கி, சாலையைப் பார்க்காத பக்கமாக வண்டியின் நிழலில் உட்காருங்கள், நிழல் சாலைப் பக்கம் விழுந்தால் வண்டியின் பக்கவாட்டில் விரியும் துணிப் பந்தலான ஆனிங்கை விரித்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீரைத் தனிக் கேனில் வைத்திருங்கள், வண்டி டேங்க் தண்ணீரை நம்பி வராதீர்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் ஓமனின் அவசர எண் 9999-ஐ அழைக்கலாம். நின்ற வண்டியை ஏற்றிப்போகும் ரெக்கவரிக்குப் போன் செய்யும்போது வெறுமனே வண்டி என்று சொன்னால் கார் ஏற்றும் லாரியை அனுப்புவார்கள், அது உங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும், இன்னும் நான்கு மணி நேரம் வெயிலில் காத்திருக்க வேண்டியதுதான். நீளம், உயரம், எடை மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் இன்றைக்கே ஒட்டிவையுங்கள்.