பாறசாலை அட்ரஸ் கொடுத்தால் சுங்க வரி குறையுமா?

களியக்காவிளையில் எல்லை தாண்டி கேரளத்தின் பாறசாலைக்குப் போனால் பெட்ரோல் விலை மாறும். அந்தப் பழக்கத்தில்தான் பலரும் கேட்கிறார்கள்: "அண்ணே, வெளிநாட்டு சைட்டுல ஒரு லென்ஸ் பார்த்து வச்சிருக்கேன். பாறசாலை மாமா வீட்டு அட்ரஸ் குடுத்தா வரி குறையுமா?"

குறையாது. பெட்ரோல் மீதான வாட் மாநில அரசின் கையில் இருக்கிறது. இறக்குமதிக்கான சுங்க வரி மத்திய அரசுடையது. அதோடு சேரும் ஜிஎஸ்டியும் ஐஜிஎஸ்டிதான், அதாவது மத்திய அரசு வசூலிக்கும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி. நாடு முழுக்க ஒரே விகிதம். பின்கோடு குமரியின் 629-இல் தொடங்கினாலும் திருவனந்தபுரத்தின் 695-இல் தொடங்கினாலும், பார்சல் கொச்சியில் இறங்கினாலும் சென்னையில் இறங்கினாலும் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சைட்டில் காட்டும் விலைக்கு மட்டும் வரி என்று நினைக்கிறோம். அனுப்பும் செலவும் இன்சூரன்ஸும் சேர்ந்ததே வரி போடும் மதிப்பு. லென்ஸ் 9,000 ரூபாய், அனுப்ப 1,000 என்றால் மதிப்பு 10,000. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பொருளின் அடிப்படை சுங்க வரியை 2026 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். ஆக 1,000 ரூபாய். இனி ஐஜிஎஸ்டி 18 சதவீதம், அது 10,000-க்கு அல்ல, சுங்க வரியும் சேர்ந்த 11,000-க்கு: 1,980. மொத்தம் 2,980 ரூபாய். வரிக்கு மேல் வரியா என்று எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. அடிப்படை வரிமேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி சேரும் இனங்களும் உண்டு. கணக்கு சிக்கலாக வேண்டாம் என்று அதை விட்டிருக்கிறேன்.

"கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொல்லலாமே" என்பது அடுத்த யோசனை. அந்தக் கதவு 2019 டிசம்பரிலேயே சாத்தப்பட்டுவிட்டது. தபாலிலோ கூரியரிலோ வரும் பரிசுக்கு அதற்கு முன் 5,000 ரூபாய் வரை விலக்கு இருந்தது. இப்போது உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும்தான் விலக்கு. ரியாத்திலிருந்து அண்ணன் உண்மையாகவே பரிசாக அனுப்பினாலும் முழு வரி கட்டியாக வேண்டும். விலையைக் குறைத்து எழுதச் சொல்வது இன்னும் ஆபத்து. அதிகாரி பில்லையும் பணம் கட்டிய ஆதாரத்தையும் கேட்பார். பொய் என்று தெரிந்தால் பொருளையே பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஒரே மாதிரி ஐந்தாறு போன் வந்தால் அது சொந்த உபயோகம் ஆகாது, வியாபாரம். அதற்கு இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். ட்ரோனும் இ-சிகரெட்டும் கொண்டுவரவே தடை. நம் பக்கம் தோட்டக்காரர்கள் நிறைய என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: விதை, செடி எதுவானாலும் இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் உள்ளே வராது.

கையோடு கொண்டுவருவது வேறு கணக்கு. வளைகுடாவிலிருந்து திருவனந்தபுரத்தில் இறங்கும் நம் ஆட்களுக்கு 2026 பிப்ரவரி முதல் 75,000 ரூபாய் வரை வரி இல்லை. முன்பு அது 50,000. ஒரு வருடத்துக்கு மேல் அங்கே இருந்தவர்கள் என்றால் பெண்கள் 40 கிராம், மற்றவர்கள் 20 கிராம் தங்க நகை கொண்டுவரலாம். தங்கக் காசும் பிஸ்கட்டும் நகைக் கணக்கில் சேராது.

சரி, பணத்தை யாரிடம் கட்டுவது? தபாலில் வந்தால் அஞ்சலகம் மூலம், பொருளை வாங்கும்போது. கூரியர் என்றால் அவர்கள் அடையாள ஆவணம் கேட்டு, வரிக்கான லிங்க் அனுப்புவார்கள். அவர்களுடைய பில்லை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அரசுக்குப் போகும் வரி ஒன்று, கம்பெனியின் சேவைக் கட்டணம் இன்னொன்று என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும். இரண்டாவதற்கும் சுங்கத் துறைக்கும் சம்பந்தம் இல்லை.

பார்சல் எதுவும் ஆர்டர் செய்யாமலே "கஸ்டம்ஸில் பிடித்து வைத்திருக்கிறோம், இந்த எண்ணுக்கு ஜிபே பண்ணுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். சுங்க அதிகாரி தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்க மாட்டார். கடிதம் வந்திருந்தால் அதில் ஆவண அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் உண்மையா என்பதை மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.