தட்டின் விளிம்பில் கறுப்புப் புள்ளிகள்

"வாரம் தவறாமல் பூச்சட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன். ஆனாலும் மழை பெய்த மறுநாளே கொசுப்புழு நெளிகிறதே?" என்று பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார். 1902-லேயே டிங்கிக் காய்ச்சல் பதிவான ஊராயிற்றே, கேட்க வேண்டிய கேள்விதான்.

முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்ற வரிசை பள்ளியில் படித்ததுதான். நம் வெக்கைக்கு ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். வாசகியை ஏமாற்றுவது அதன் முதல் படி.

டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டுகிறது. வெள்ளையாக விழும் முட்டை சில மணி நேரத்தில் கறுத்துவிடும். பிறகு, உள்ளே வளரும் கருவே தன்னைச் சுற்றி இன்னோர் உறையைச் சுரந்துகொள்கிறது. ஈரம் அதன் வழியே எளிதில் வெளியேறாது. இரண்டு மூன்று நாளில் புழு முழுதாக உருவாகிவிடும். ஆனால் வெளியே வராது. தட்டு காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

எதற்காக? முட்டை நனைந்தால் மட்டும் பெரும்பாலும் போதாது. நீரில் பாக்டீரியா பெருகி, கரைந்த ஆக்சிஜனைத் தின்று தீர்க்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் அங்கே நுண்ணுயிர் உண்டு, அதாவது சாப்பாடு உண்டு. அப்போதுதான் புழு தலையிலுள்ள குட்டிப் பல்லால் மூடியை உடைக்கிறது. அதுவும் எல்லாம் ஒரே நேரத்தில் அல்ல. சில முட்டைகள் அடுத்த மழைக்கு, அதற்கடுத்த மழைக்கு என்று தவணை முறையில் பொரிக்கும். ஒரு மழை ஏமாற்றினாலும் வம்சம் அழியாது. எனக்குக் கொசு பிடிக்காது. இந்த முட்டையைப் பார்த்தால் மட்டும் மரியாதை வருகிறது.

ஆகவே கொட்டியபின் பிரஷ்ஷால் விளிம்பை அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்த்ததைக் கொதிநீரால் அலசுவது இன்னும் நல்லது. கொட்ட முடியாத தொட்டிக்கு டெமிபோஸ் மருந்தை அளவோடு போடலாம். பொரிக்கும் புழு சாகும்.

புகையடிப்பு, பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். முட்டைக்கு அது வெறும் வாசனை. சத்தமும் புகையும் கண்ணுக்குத் தெரிவதால் அதைக் கேட்டு வாங்குகிறோம். முட்டையை ஆராயப் பணம் கேட்டு யாரும் குரல் கொடுப்பதில்லை. துளசி இருந்தால் கொசு அண்டாது என்று நம்பும் வீடுகளில், முதலில் துளசிச் சட்டியின் அடித்தட்டைத்தான் பார்ப்பேன்.

பழைய சட்டிகளைப் படிக்கட்டுக்கு அடியில் கவிழ்த்து வைக்குமுன்பும், அண்டை வீட்டாருக்குக் கொடுக்குமுன்பும் தேய்த்துவிடுங்கள். காய்ந்த முட்டையும் சட்டியோடு வீடு மாறும்.