நட்சத்திரம் தெளிந்த இரவுதான் குளிரும் இரவு

தை மாதத்து விடியற்காலை, ஐந்து மணி இருக்கும். மூணாறு பக்கத்துக் கொழுக்குமலையிலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று சூரியநெல்லிச் சாலையில் என் கிளினிக் வாசலில் வந்து நின்றது. "டாக்டரே, இந்தத் தம்பி பேச்சு ஒரு மாதிரி குழறுகிறது, கொஞ்சம் பாருங்கள்" என்றார் ஓட்டுநர். பின் சீட்டில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர், மடியில் கேமரா. இரவெல்லாம் மலையில் நின்று நட்சத்திரங்களைப் படம் எடுத்தவர். என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "கேமரா கெட்டுவிட்டது சார், பட்டன் அழுந்தவில்லை."

வாங்கி நான் அழுத்தினேன். பழுதில்லாமல் படம் எடுத்தது. அழுந்தாமல் போனது அவருடைய விரல்.

காய்ச்சல் பார்க்கும் பழைய தெர்மாமீட்டரில் அளவுக்கோடே 35 டிகிரி செல்சியஸில்தான் தொடங்கும். அவருக்குப் பாதரசம் அந்தக் கோட்டையே தொடவில்லை. உடலின் உள்வெப்பம் 35-க்குக் கீழே போனால் அதற்கு ஹைப்போதெர்மியா என்று பெயர். இமயமலையில் வருவது என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். பத்து டிகிரிக் குளிரில் ஈரச்சட்டையும் காற்றும் சேர்ந்தாலே வந்துவிடும்.

எனக்கும் இந்த வானப் பைத்தியம் உண்டு. அதனால் யாரையும் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் நமக்குப் பிடித்த இரவுதான் நம்மை வாட்டும் இரவு. மேகம் என்பது நிலத்துக்குப் போர்வை. அது விலகி, காற்றும் அடங்கி, கார்த்திகைக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணும்படி வானம் துலங்கினால், நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர்போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். செண்டுவரை, குண்டளைப் பக்கம் புல்லில் உறைபனி வெளுத்துக் கிடப்பதும், தாழ்வான பாத்தியில் தேயிலை கருகுவதும் இப்படித்தான். காற்றுக்குப் பயந்து குழிவான இடத்தில் கூடாரம் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சரிவில் கொஞ்சம் மேலே, பாறை மறைவில் போட்டால் குளிர் குறையும்.

ஏறும்போது யாருக்கும் குளிர்வதில்லை. பக்கத்து மீசப்புலிமலை 2,640 மீட்டர் உயரம். கேமரா முக்காலியும் லென்ஸும் சுமந்து ஏறினால் பனியன் நனைந்துவிடும். உச்சியில் நின்றதும் வியர்வை ஆறத் தொடங்குகிறது. வெறுமனே மலையேற வந்தவர் கூடாரத்துக்குள் போய்விடுவார். படம் எடுப்பவர் நிற்பார். 20 மில்லிமீட்டர் லென்ஸில் ஒரு படத்துக்கு ஷட்டர் 25 நொடி திறந்திருக்க வேண்டும். நட்சத்திரங்கள் கோடாக வளைவது வேண்டுமென்றால், நம் மலைகளில் வடக்கே அடிவானத்திலிருந்து பத்துப் பாகை உயரத்தில் மட்டுமே இருக்கும் துருவ நட்சத்திரத்தை நோக்கி ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். உடலுக்கு வேலை இல்லை, பனியன் ஈரம். ஆகவே ஒரே ஒரு பழக்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்: முக்காலியை விரிக்கும் முன் பனியனை மாற்றுங்கள். பருத்தி வேண்டாம், நனைந்தால் உலராது. உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் அதுவும் சோர்ந்துவிடும்.

அரை மணிக்கு ஒருமுறை கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். எட்டவில்லையென்றால் படத்தை விட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் போங்கள். கூட வந்தவர் தடுமாறி நடந்தால், வார்த்தை குழறினால், "எனக்கு ஒன்றுமில்லை" என்று எரிந்து விழுந்தால், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைச் சுற்றி, தரையின் குளிர் ஏறாமல் கீழேயும் விரித்து, நெஞ்சிலும் அக்குளிலும் சூடு கொடுக்க வேண்டும். நல்ல நினைவோடு இருந்தால் மட்டும் இனிப்பான சுடுபானம். மரத்த கையைத் தேய்க்கக்கூடாது. நெருப்பில் காட்டவும் கூடாது, வெந்தாலும் தெரியாது. நடுக்கம் நின்றுவிட்டதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். சூடேறாமலே நடுக்கம் நின்றால் உடல் கைவிடத் தொடங்கிவிட்டது என்று பொருள். படுக்கவைத்து, குலுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்; அந்த நிலையில் முரட்டு அசைவே இதயத்துடிப்பைக் குலைத்துவிடலாம்.

"ஒரு பெக் போட்டால் குளிர் போய்விடும்" என்கிற மருத்துவர்கள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருக்கிறார். சாராயம் தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சூடு போன்ற உணர்வைத் தரும். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விரட்டும். அவருக்கு ஒரு கும்பிடு.

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள் என்பதைத் தனியாக விளக்க வேண்டுமா? 2018 மார்ச்சில், மலையேற வந்தவர்களைப் பலிகொண்ட குரங்கணிக் காட்டுத்தீயைப் பார்த்த மலை இது. சின்னக்கானல் பக்கம் யானைகளும் இரவில்தான் நடக்கும்.

அந்த இளைஞர் கம்பளிக்குள் கிடந்து, சர்க்கரை தூக்கலாகக் கட்டன்சாயா, அதாவது பால் சேர்க்காத தேநீர், இரண்டு டம்ளர் குடித்து, ஏழரை மணிவாக்கில் தன் சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டார். பிறகு இரவு எடுத்த படங்களைக் காட்டினார். 2.20 வரை அருமையான வானம். அதற்குப் பிறகு எல்லாமே சாம்பல் நிறம். லென்ஸில் பனி படிந்திருக்கிறது. ஒரு மணி நேரம், எழுபதுக்கும் மேற்பட்ட படங்கள். அத்தனையையும் எடுத்தபோது திரையை ஒருமுறைகூடப் பார்த்த நினைவே அவருக்கு இல்லை.