பிளைண்ட் ஸ்பாட் கேமரா மாட்டிய காருக்கு கிளெய்ம் கிடைக்குமா?

சைடு மிரருக்கு அடியில் இரண்டு கேமரா, டாஷ்போர்டில் வெளியில் வாங்கிப் போட்ட ஆண்ட்ராய்டு ஸ்கிரீன். இண்டிகேட்டரைத் தட்டினால், கண்ணாடியில் படாத பிளைண்ட் ஸ்பாட்டில் அந்தப் பக்கம் ஒட்டி வரும் பைக் திரையில் தெரியும். நல்ல பொருள்தான். ஆனால் ஒரு நாள் ஒயரிங் கருகினால் கடைக்காரர் "ஷோரூம்ல கேளுங்க" என்பார், ஷோரூமில் "வெளி ஃபிட்டிங், வாரண்டி போச்சு சார்" என்பார்கள், இன்சூரன்ஸில் "அதெல்லாம் கவர் ஆகாது" என்பார்கள். மூன்றுமே வாய்வார்த்தை. இவற்றை நம்பித்தான் பலர் கைக்காசைப் போட்டுச் சரிசெய்துகொண்டு போய்விடுகிறார்கள்.

ஆர்.டி.ஓ. பற்றிய பயத்தை முதலில் தள்ளி வைத்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுப்பது, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததிலிருந்து மாறிப்போகும் அளவுக்கு வண்டியை மாற்றுவதை. நிறம், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை எல்லாம் அதில் வரும். கேமராவுக்கு ஆர்.சி.யில் கட்டமே கிடையாது. "ஆர்.சி.யில ஏத்தித் தர்றேன்" என்று பணம் கேட்கும் புரோக்கருக்கு ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை.

அபராதம் விழும் இடங்கள் வேறு. கேமரா இருக்கிறதே என்று சைடு மிரரைக் கழற்றக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 125-வது விதி கேட்பது கண்ணாடியை. திரை அதற்கு மாற்று ஆகாது. இரவில் தெரிவதற்காக வெள்ளை எல்.இ.டி. வைத்த சைடு கேமராக்கள் விற்கிறார்கள். ரிவர்ஸ் விளக்கு போன்ற சிலவற்றைத் தவிரப் பின்பக்கம் பார்த்து வெள்ளை வெளிச்சம் எரியக் கூடாது என்பதால் எல்.இ.டி. இல்லாததையே கேட்டு வாங்குங்கள். அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. கூடவே ரிவர்ஸ் கேமராவும் போடுகிறவர்கள், நம்பர் பிளேட்டின் பூட்டு ரிவெட்டை உடைத்து அதன் பின்னால் பிராக்கெட் செருக விடாதீர்கள். கடையில் ஐந்து நிமிட வேலை. உங்களுக்கு மறுபடி பிளேட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் வேலை.

பெரிய குழி இன்சூரன்ஸில்தான். பாலிசியின் முதல் பக்கத்தில் ஐ.டி.வி. (வண்டிக்குக் குறித்த காப்பீட்டு மதிப்பு) அட்டவணையைப் பாருங்கள். வண்டியின் மதிப்புக்குப் பக்கத்தில் எலெக்ட்ரிக்கல் அக்சசரீஸ், நான்-எலெக்ட்ரிக்கல் அக்சசரீஸ் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அநேகமாக இரண்டிலும் பூஜ்யம். உற்பத்தியாளரின் விலைப்பட்டியலில் சேராத மின்பொருள் எதுவானாலும், அதன் மதிப்பைத் தனியாகச் சொல்லித் தனியாக பிரீமியம் கட்டினால்தான் கவர். ஐ.எம்.டி. 24 என்ற எண்டோர்ஸ்மென்ட் அது, அதாவது பாலிசியோடு சேரும் திருத்த இணைப்பு. மோட்டார் டாரிஃப் என்ற கட்டண அட்டவணையின் கணக்கு, பொருளின் மதிப்பில் 4 சதவீதம். ஸ்கிரீன், இரண்டு கேமரா, எந்தப் பக்கப் படம் வர வேண்டும் என்று மாற்றும் ஸ்விட்சர் பெட்டி எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 800 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. பாலிசி நடுவிலேயே சேர்க்கலாம். மீதி நாட்களுக்கு மட்டும் கட்டினால் போதும். பில்லையும், மாட்டிய பிறகு எடுத்த படத்தையும் மின்னஞ்சலில் அனுப்பி, எண்டோர்ஸ்மென்ட் சான்றைக் கையில் வாங்குங்கள். "சிஸ்டத்துல ஏத்திட்டோம்" என்ற பதில் சான்று ஆகாது.

இதில் ஆட்கள் விழும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஷோரூமிலேயே போட்டுக் கொடுத்தார்கள், அதனால் கம்பெனி ஃபிட்டிங் என்று நினைப்பது முதலாவது. டீலர் மாட்டினாலும் அது விலைப்பட்டியலுக்கு வெளியேதான். சொல்லாவிட்டால் கவர் இல்லை. அடுத்தது புதுப்பித்தல். ஆன்லைனில் வேறு கம்பெனிக்கு மாறும்போது அக்சசரி கட்டம் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும், யாரும் கேட்க மாட்டார்கள். பணம் கட்டும் முன் அந்தக் கட்டத்தைத் திறந்து பாருங்கள். பம்பர் டு பம்பர் எடுத்திருக்கிறோமே என்பார்கள். அது தேய்மானப் பிடித்தத்தைத்தான் நீக்கும். சொல்லாத பொருளைப் பாலிசிக்குள் கொண்டுவராது. புதுக் காருக்கு 2018 செப்டம்பர் முதல் வரும் "மூணு வருஷ இன்சூரன்ஸ்" பெரும்பாலும் தர்ட் பார்ட்டிக்கு மட்டும்தான் மூன்று வருடம். சொந்தச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் ஒரே வருடத்தில் முடிந்திருக்கலாம். அது முடிந்திருந்தால் கேமரா மட்டுமல்ல, காருக்கே கவர் இல்லை.

சரி, சொல்லவில்லை, விபத்தும் ஆகிவிட்டது. அப்போது போவது கேமராவின் காசு மட்டும். பின்னால் லாரி இடித்து டிக்கி நசுங்கியதற்கும் சைடு மிரரில் கேமரா இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. "அன்டிக்ளேர்டு மாடிஃபிகேஷன்" (சொல்லாமல் செய்த மாற்றம்) என்று ஒரே வரியில் முழு கிளெய்மையும் தள்ளினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தீ விஷயம் இன்னும் நுணுக்கமானது. வழக்கமான கார் பாலிசியில் கவர் ஆகும் ஆபத்துகளின் பட்டியலில் முதல் வரியே தீ, வெடிப்பு, தானாகத் தீப்பற்றுதல், மின்னல். விலக்குப் பட்டியலிலோ மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன் இருக்கிறது. ஒயர் உருகி ஸ்கிரீன் செத்தால் பிரேக்டவுன் என்பார்கள். டாஷ்போர்டு எரிந்தால் அது தீ. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எந்தச் சொல்லை எழுதுகிறார் என்பதில்தான் பணம் இருக்கிறது. அவர் வந்து பார்க்கும் வரை எதையும் கழற்ற விடாதீர்கள். "கேமராவைக் கழட்டிட்டா கிளெய்ம் ஈஸியா வரும்" என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னாலும் விடாதீர்கள். கழற்றிய தடம் ஒயரில் தெரியும், அப்புறம் மறைத்தது உங்கள் தலையில் விழும். சர்வே அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் முழுதாகக் கைவிரிக்காமல் 75 சதவீதம் வரை கொடுத்துத் தீர்க்கும் வழியை உச்ச நீதிமன்றம் 2010-ல் அமலேந்து சாகு வழக்கில் ஏற்றது. சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டிய வழக்கு அது. கவுண்டரில் இருப்பவர் தானாக இதை உங்களிடம் சொல்ல மாட்டார்.

வாரண்டிக்கு வருவோம். வெளிப்பொருள் மாட்டினாலும் மற்ற பாகங்களின் வாரண்டி நிற்கும் என்று சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. கையில் இருப்பது வாரண்டி புத்தகத்தின் வாசகமும் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும். புத்தகத்தைத் திறந்து வாசகத்தைப் பாருங்கள்: வெளிப்பொருளால் ஏற்பட்ட சேதத்துக்குப் பொறுப்பில்லை என்கிறதா, வெளிப்பொருள் மாட்டினாலே வாரண்டி இல்லை என்கிறதா? முதல் வகை என்றால் கியர்பாக்ஸ் சத்தத்துக்குக் கேமராவைக் காரணம் காட்ட முடியாது. எந்தப் பாகம், எந்த விதி, கேமரா எப்படிக் காரணம் என்று சர்வீஸ் வேலைத் தாளான ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பாதிப் பேர் "மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்" என்பார்கள். கேட்டுச் சொல்லட்டும், நீங்கள் அங்கேயே உட்காருங்கள். ஜாப் கார்டின் அடியில் பொடி எழுத்தில் "வெளி அக்சசரி இருப்பதால் வாரண்டி பொருந்தாது என வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்" என்ற மாதிரி வரி இருந்தால், "ஆட்சேபத்துடன்" என்று பக்கத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-வது பிரிவையும் மறக்கக் கூடாது. சேதம் நடந்த நேரத்தில் பொருள் மாற்றப்பட்டிருந்தால் விற்றவர் மேல் பொருள் பொறுப்பு வழக்கு (பொருளால் வந்த சேதத்துக்கு இழப்பீடு கேட்பது) போட முடியாது என்கிறது அது. வண்டியின் ஒயரை வெட்டினீர்களா இல்லையா என்பது இங்கேதான் பெரிதாகிறது.

வெட்டாமல் மாட்டலாம். கேமராவுக்கு பவர், ஃபியூஸ் பெட்டியில் ஏ.சி.சி. லைனில் (சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் லைன்) ஆட்-எ-ஃபியூஸ் என்ற, ஒயரை வெட்டாமல் கூடுதல் ஃபியூஸ் செருகும் துண்டைப் போட்டு, 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக. கேமரா இழுப்பது மிகக் குறைவு. 10 ஆம்பியர் ஃபியூஸில் தொங்கவிட்டால் ஃபியூஸ் போகும் முன் ஒயர் உருகிவிடும். ஒயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றினால் வெயிலில் பசை உருகி டேப் கழன்றுவிடும். ஒயரைக் கவ்வி இணைக்கும் நீலநிற ஸ்காட்ச் லாக் கிளிப்பும் வேண்டாம், அது இழைகளை அறுக்கும்.

எந்தப் பக்கத் திரை வர வேண்டும் என்று சொல்லும் டிரிகர் ஒயரை இண்டிகேட்டரில் நேரடியாகத் தொட்டால் இரண்டு தொல்லை. இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மினுக்கும், திரையும் கூடவே மினுக்கும். சில விநாடி பிடித்து நிறுத்தும் ஸ்விட்சர் பெட்டி தேவை. பல்பின் கரண்டை பாடி கண்ட்ரோல் மாட்யூல் (விளக்கு போன்றவற்றை இயக்கும் கம்ப்யூட்டர்) கண்காணிக்கும் வண்டிகளில் இந்தக் கூடுதல் இழுப்பே எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிடும். சர்வீஸில் ஸ்கேனர் போட்டதும் அது பழுதுக் குறியீடாக வரும், "வெளி ஃபிட்டிங்" என்று எழுத அதுவே அவர்களுக்குச் சாட்சி. வண்டி மாடலுக்கான கப்ளர் செட்டோ (வெட்டாமல் செருகும் இணைப்பு ஒயர்), மிகக் குறைந்த கரண்ட் இழுக்கும் டிரிகர் பெட்டியோ கேளுங்கள்.

கதவிலிருந்து உள்ளே வரும் ஒயர் ரப்பர் பூட்டுக்குள்ளேதான் வர வேண்டும். வெளியே விட்டால் கீலில் நசுங்கும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். முன் பில்லர் மூடிக்குள் ஏர்பேக் இருந்தால் ஒயர் அதன் பின்னால் போக வேண்டும், மேலே குறுக்காகப் போகவே கூடாது. ஸ்கிரீனில் சைடு கேமராவுக்குத் தனி இன்புட் இருக்கிறதா, கேமராவும் ஸ்கிரீனும் ஏற்கும் வீடியோ சிக்னல் வகை ஏ.எச்.டி.யா சி.வி.பி.எஸ்.ஸா என்று வாங்கும் முன் பாருங்கள். பொருந்தாவிட்டால் கறுப்புத் திரைதான். "செட்டிங்ஸ்ல வரும்" என்று கடையில் அனுப்பிவிடுவார்கள், வராது.

பில்லில் கடையின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண், ஸ்கிரீன், கேமரா, கூலி தனித்தனி வரியில், வண்டி எண், தேதி. "பில் வேணும்னா ஜி.எஸ்.டி. எக்ஸ்ட்ரா" என்பது அந்தக் கடையில் மாட்டக் கூடாது என்பதற்கான அறிவிப்பு. இறக்குமதிப் பொருள் என்றால் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் எம்.ஆர்.பி.யும் இருக்க வேண்டும். வெறும் பெட்டியில் வந்தால் பழுதானபின் யாரைத் தேடுவீர்கள்?

கடையோ ஷோரூமோ கைவிரித்தால் முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண் அது. தீர்ப்புச் சொல்லாது, கம்பெனிக்கு அனுப்பும். பெரிய கம்பெனியிடம் அதுவே சில நேரம் போதும், தெருக்கடையிடம் பலிக்காது. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. கட்டணம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்து. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, அதாவது கேமரா கடை மேல் புகார் இலவசம். 12 லட்ச ரூபாய் காரின் கம்பெனி மேல் என்றால் 400 ரூபாய்.

இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்தால் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வந்து அது திருப்தியில்லை என்றாலும், ஒரு மாதம் ஆகியும் பதிலே வரவில்லை என்றாலும் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். மறுப்பு வந்து ஓராண்டுக்குள். கட்டணம் இல்லை, வக்கீல் கூடாது. தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். ஆனால் அதே விஷயத்தை ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்தில் போட்டிருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். ஆகவே முதலில் ஆம்புட்ஸ்மேன், சரிவராவிட்டால் ஆணையம். அவசரப்பட்டு இரண்டிலும் ஒரே நாளில் போட்டு, முதல் கதவைத் தாங்களே சாத்திக்கொள்கிறவர்கள் நிறைய.